முக்கொம்பில் முரண்டு பிடித்த முள்

"பாய், வண்டி இன்னும் கிளம்பவே இல்ல" என்றான் மூக்கன்.

"தெரியும்" என்றார் நிஜாமுதீன். முன் ஸீட்டில் கண்களை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்று அவர் இடது கன்னத்தை மேடாக்கியிருந்தது. "கிளம்பப் போறதை நெனச்சேன். அதுக்கே வயித்தைப் புரட்டுது."

திருச்சி பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை மாடியில் 'நிஜாம் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருந்த நிஜாமுதீனுக்குப் பயம் என்பதே கிடையாது. ஆனால் கார் என்றால் குமட்டும். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தார். எரிந்த கார், கவிழ்ந்த கார், கிணற்றில் விழுந்த கார் எல்லாம் பார்த்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை என்பதுதான் அந்த உத்தியோகத்தில் அவருக்குப் பிடித்த அம்சம்.

அவருடைய உதவியாளன் மூக்கன் முன்னாள் பஸ் கண்டக்டர். துறையூர் பஸ்ஸில் எட்டு வருஷம் டிக்கெட் கிழித்தவன், ஒருநாள் பஸ் முதலாளியின் மைத்துனரைப் பார்த்து, "அண்ணே, உங்க உடம்புக்கு ஒண்ணரை டிக்கெட்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டான். இப்போது அந்த வாயை நிஜாமுதீன்தான் சகித்துக்கொண்டிருந்தார்.

அன்று 1968ஆம் வருஷம் பங்குனி மாதத்துப் புதன்கிழமை. காலை பத்து மணி. இடம், புத்தூரில் ரைஸ்மில் முதலாளி செல்லக்கண்ணுவின் கார்க் கொட்டகை.

"பாய், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது" என்றார் செல்லக்கண்ணு. கதர் ஜிப்பாவுக்குள் கோபத்தில் வயிறு ஏறி இறங்கியது. "என் பொண்ணோட கல்யாணத்தைக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

நடந்தது இதுதான். 'மகாராணி' என்று அவர் செல்லமாக அழைக்கும் அந்தக் கார் நாற்பத்தொன்பதாம் வருஷத்துச் சீமை வண்டி. ஓட்டம் தங்கம். விளக்கு மட்டும் மின்மினி. எதிரில் மாடு வந்தால் மாட்டின் கண் வெளிச்சத்தில்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். பழைய டைனமோவுக்குப் பதிலாகச் சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் மூலம் ஓர் ஆல்டர்னேட்டரை வரவழைத்தார் செல்லக்கண்ணு. அரியமங்கலத்து எலெக்ட்ரீஷியன் ஜெகபர் அலி பத்து நாள் உட்கார்ந்து அதைப் பொருத்தி, இற்றுப்போன பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புது வயர் இழுத்துக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை வண்டி வீடு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் நாள். மாப்பிள்ளை மருதமுத்து மின்சார இலாகாவில் இன்ஜினியர். குளித்தலையிலிருந்து அவரையும் அவர் அம்மாவையும் அழைத்துவர டிரைவர் ஆண்டியோடு மகாராணியை அனுப்பினார் செல்லக்கண்ணு. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வரும் வழியில் முக்கொம்பு பக்கம் ஆண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டான். போகும்போது அவசரத்தில் டயலைக் கவனிக்கவில்லை, இப்போது பார்த்தால் ஆம்மீட்டர் முள் மைனஸில் கிடக்கிறது, பேட்டரி வடிகிறது, இதற்குமேல் ஓட்டினால் புது வயர் தீப்பிடிக்கும் என்றானாம். லாரிக்காரர் ஒருவரிடம் அரியமங்கலத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையாதலால் பட்டறை பூட்டிக் கிடந்தது. மணி நாலரை ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, "சகுனம் சரியில்ல" என்று சொல்லி மகனோடு குளித்தலை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"அப்புறம் கேளுங்க வேடிக்கையை" என்றார் செல்லக்கண்ணு. "தீப்பிடிக்கும்னு சொன்ன வண்டி சாயங்காலம் ஜம்முனு வீட்டுக்கு வந்து நிக்குது! இவன் யார்கிட்டயோ கை நீட்டியிருக்கான் பாய். அந்த நிமிஷமே சாவியப் பிடுங்கிட்டு வெளிய போடான்னுட்டேன். வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியாது. லீவுல போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஆண்டியை உறையூரிலிருந்து மூக்கன்தான் அழைத்து வந்திருந்தான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஐம்பது வயது ஆண்டி செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். வேலை போன ஆளின் முகம் மூக்கனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் அதைக் கண்ணாடியில் பார்த்திருந்தான்.

"முதலாளி, என் வேலையில ஒரு குத்தம் கிடையாது" என்று முன்னால் வந்தார் ஜெகபர் அலி. விரலெல்லாம் கிரீஸ். மானம் போன வேதனை தாடியில் நடுங்கியது. "டைனமோ வேகமாப் போனாத்தான் கரண்ட் குடுக்கும். இது நின்ன இடத்துல உறுமினாலே குடுக்கும். வெள்ளிக்கிழமை முள்ளு ப்ளஸ்ல நின்னுச்சு. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்" என்று ஒப்புக்கொண்டார் செல்லக்கண்ணு.

"இப்ப பாப்போம்" என்றார் நிஜாமுதீன், கண்ணைத் திறக்காமலே. "ஹெட்லைட்டைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க அலி பாய்."

வண்டி உறுமியது. கொட்டகைச் சுவரில் இரண்டு முழு நிலவுகள் விழுந்தன. ஜெகபர் அலி டயலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. முள் மைனஸில் கிடந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக மைனஸுக்குள் போயிற்று.

"யா அல்லா! இது என்ன கூத்து!"

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினார் நிஜாமுதீன். வண்டியின் அதிர்வில் நார்த்தங்காய் தோற்றுக்கொண்டிருந்தது.

இன்ஜின் நின்றது. விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. குமட்டலை அடக்க எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமே என்று நிஜாமுதீன் கண்ணைத் திறந்து, எதிரில் இருந்த ஆம்மீட்டர் டயலில் பார்வையை ஊன்றினார். ஊன்றியவர் அசையவில்லை.

"மூக்கா, இன்ஜின் ஓடுதா?"

"இல்ல பாய்."

"லைட்டு?"

"எரியுது. செவுத்துப் பல்லி கண்ணு கூசி ஓடிப்போச்சு."

"அப்ப பேட்டரி நிறையுதா, வடியுதா?"

"வடியத்தானே செய்யும்."

"இந்த முள்ளு நிறையுதுன்னு சொல்லுதே."

மூக்கன் எட்டிப் பார்த்தான். முள் ப்ளஸ் பக்கம் சாய்ந்து நின்றது. "அட! சாப்பிடாமலே ஏப்பம் விடுது பாய்."

"ஓடுறப்போ வடியுதுங்குது. நிக்கிறப்போ நிறையுதுங்குது." நிஜாமுதீன் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. "முள்ளு கெட்டுப் போகல. தலைகீழாப் பேசுது. அலி பாய், டயலுக்குப் பின்னால பாருங்க."

ஜெகபர் அலி டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்தார். அரை நிமிஷத்தில் அவர் குரல் உள்ளிருந்து கேட்டது. "ரெண்டு வயரையும் மாத்திப் பூட்டியிருக்காங்க! இதோட வேலை அவ்வளவுதான், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. முள்ளு மட்டும் பொய் சொல்லும். அது மட்டுமில்ல, நான் வயரை மெழுகு நூல்லதான் கட்டுவேன். இங்க ஒரு இடத்துல என் கட்டை அறுத்துட்டு வேற எதையோ வச்சுக் கட்டியிருக்கு."

அவர் கத்தரித்து நீட்டியதை நிஜாமுதீன் உள்ளங்கையில் வாங்கினார். காய்ந்த வாழைநார். சின்னதாக, இறுக்கமாக ஒரு முடிச்சு.

"பூக்கட்டுற நார்!" என்று குதித்தார் செல்லக்கண்ணு. "பிச்சை! என் பங்காளி பிச்சை! ஸ்ரீரங்கத்துல பூக்கடை வச்சிருக்கான். இந்த மாப்பிள்ளைய அவன் பொண்ணுக்குக் கேட்டு அலைஞ்சான். இப்ப புரியுது பாய்!"

"ஒரு நிமிஷம். முள்ளு மைனஸ் போனா வண்டிய நிறுத்தணும்னு ஆண்டிக்கு யார் சொன்னது?"

"நான்தான்" என்றார் ஜெகபர் அலி. "வெள்ளிக்கிழமை, இதே இடத்துல. சிங்கப்பூர்ச் சாமான், எரிஞ்சா ஸ்பேர் கிடைக்காது, உடனே நிறுத்திடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அப்ப யார் யார் இருந்தாங்க?"

"மூணே பேரு" என்றார் செல்லக்கண்ணு. "நான், இவரு, அந்த ஆண்டிப்பய."

"ஆமா. காப்பி குடிச்சுக்கிட்டே பேசினோம்" என்றார் ஜெகபர் அலி.

நிஜாமுதீன் தலையை ஆட்டிக்கொண்டார். "வயரை அப்படியே விடுங்க. ஸ்ரீரங்கம் போயிட்டு வரோம். இதே வண்டியில. ஆண்டிதான் ஓட்டணும்."

செல்லக்கண்ணு முறைத்தார். ஆனால் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஆண்டியின் கையில் கொடுக்கவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மகாராணி காவிரிப் பாலத்தில் ஏறியது. முன் ஸீட்டில் நிஜாமுதீன் ஜன்னல் வழியே தலையை முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

"பாய், வசூல் பண்ற கண்டக்டர்கூட இவ்வளவு வெளிய தொங்க மாட்டான்" என்றான் பின் ஸீட்டிலிருந்து மூக்கன்.

"பேசாதே. பேச்சும் குமட்டுது."

ஆண்டி சிரிக்கவில்லை. மைனஸில் கிடந்த முள்ளைப் பார்த்தபடியே ஓட்டினான். "பதினாலு வருஷங்க. ஒரு நாய் அடிபட்டதில்ல. ஒரே நாள்ல கை நீட்டினவன்னு சொல்லிட்டாங்க. எம் பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல. தினமும் காலையில சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பி, தில்லைநகர்ப் பக்கம் சும்மா நடந்துட்டு வரேன்."

மூக்கன் பேச்சை மாற்ற, டேஷ்போர்டில் இருந்த கடிகாரத்தைக் காட்டினான். "இது சரியான நேரம்தானா?"

"நான் இருந்த வரைக்கும் சரிங்க. தினம் காலையில ரேடியோ செய்திய வச்சுப் பாப்பேன். மாறவே மாறாது. அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் பதினெட்டு நிமிஷம் பின்னால இருந்துச்சு."

நிஜாமுதீனின் தலை சட்டென்று உள்ளே வந்தது. "இதுக்குச் சாவி குடுக்கணுமா?"

"இல்லீங்க. பேட்டரியிலதான் ஓடுது."

"பதினெட்டு நிமிஷம் பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருக்காங்க. அதைக் கழட்டின பிறகுதான் டயலைத் தொட்டிருக்காங்க" என்றார் நிஜாமுதீன். "மூக்கா, ஒரு வண்டியக் கெடுக்க வர்ற பகையாளி என்ன பண்ணுவான்?"

"வயரைப் புடுங்கி எறிவான். டயர்ல ஆணி அடிப்பான்."

"இங்க ஒரு கீறல் இல்ல. பேட்டரி வயரைக் கழட்டி, டயல் வயரை மாத்தி, திரும்பப் பூட்டி, அறுத்த கட்டைக்கூடப் பாத்துக் கட்டியிருக்காங்க."

"கரண்டுக்குப் பயப்படற ஆளு போல."

"இல்லடா. கரண்டுக்கு மரியாதை குடுக்கற ஆளு. ஆண்டி, மாப்பிள்ளை எங்க உக்காந்திருந்தாரு?"

"நீங்க உக்காந்திருக்கற எடத்துலதாங்க. முள்ளைப் பாத்துட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை அமுக்குங்கன்னாரு. விடுங்கன்னாரு. தானாச் சிரிச்சுக்கிட்டாரு. வண்டிய ஓரமா நிறுத்தச் சொன்னாரு. நான் பதறினேன். அவரு என் தோள்ல தட்டி, 'அண்ணே, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. வர வேண்டாம்னு சொல்லுது, அவ்வளவுதான்'னாரு. படிச்சவரும் சகுனம் பாக்குறாரேன்னு நெனச்சேன்."

நிஜாமுதீன் மறுபடி தலையை வெளியே நீட்டிக்கொண்டார். ஆனால் மூக்கன் கவனித்தான், இந்தத் தடவை அவர் குமட்டலுக்காக நீட்டவில்லை. காற்றில் தாடி பறக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்.

சாத்தார வீதியில் பிச்சையின் பூக்கடை ஈரமும் வாசனையுமாக இருந்தது. பிச்சை இல்லை. கடை வாசலில் சம்மணமிட்டு விருச்சிப் பூவைச் சரமாக்கிக்கொண்டிருந்த மாரியாயி, விரலை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"மொதலாளி குடும்பத்தோட திருப்பதி போயிட்டாரு. போன வியாழக்கிழமை போனவரு, நேத்து ராத்திரிதான் வந்தாரு. இப்பத் தூங்குறாரு. மொட்டைத் தலையோட வெளிய வர வெக்கம்."

"போச்சு" என்றான் மூக்கன். "மொட்டையே சாட்சி சொல்லுது."

நிஜாமுதீன் வாழைநார் முடிச்சை அவள் முன்னால் நீட்டினார். "இதைப் பாத்துச் சொல்லும்மா. பூக்கட்டுற முடிச்சுதானே?"

மாரியாயி அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். நகத்தால் நெம்பினாள். பிறகு கெக்கலித்துச் சிரித்தாள். "பூக்கட்டுதான். ஆனா எங்க கை இல்ல. தொழில்காரி இப்படி இறுக்க மாட்டா, பூ நசுங்கிப் போயிரும். இது தலைக்கு வச்சுக்க வீட்டுல கட்டிப் பழகின கை. அதுவும் அவசரக் கை."

"வேற ஏதாவது தெரியுதா?"

"சுத்து எதிர்ப் பக்கமாப் போயிருக்கு பாருங்க. இது பீச்சாங்கைக்காரி கட்டினது. எங்க கடையில அப்படி எவளும் கிடையாது. இருந்தா மொதலாளி சாமி பூவைத் தொட விடமாட்டாரு."

"பொம்பளைதான்னு எப்படிச் சொல்றே?" என்றான் மூக்கன். "நான்கூடக் கட்டுவேன்."

"கட்டு பாப்போம்" என்று அவள் ஒரு நாரையும் நாலு பூவையும் அவன் மடியில் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து மூக்கனின் இரண்டு கட்டைவிரலும் ஒன்றாகக் கட்டுப்பட்டுக் கிடந்தன. மாரியாயி அரிவாள்மணையில் வைத்து அறுத்துவிட வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் மூக்கன் கேட்டான். "பாய், பிச்சை இல்ல. அலி பாய் இல்ல. ஆண்டி அண்ணன் இல்ல. அந்த மூணு பேரைத் தவிர அலி பாய் சொன்னதைக் கேட்டவங்க யாரு?"

"காப்பி தானா நடந்து வந்துச்சா மூக்கா?"

"கொண்டாந்து குடுத்த கையி!" என்று மூக்கன் தொடையில் தட்டிக்கொண்டான்.

செல்லக்கண்ணுவின் கூடத்தில் மின்விசிறி கிறீச்சிட்டது. "பிச்சை ஒத்துக்கிட்டானா?" என்று எழுந்தார் அவர்.

"இன்னொரு விசாரணை பாக்கி. மாப்பிள்ளை வீட்டு விலாசம் வேணுமே."

"வீரம்மா! குளித்தலை விலாசத்தை எழுதிக் குடு ஆயி!"

உள்ளிருந்து வந்தாள் அவர் மகள் வீரம்மாள். இருபது வயது. கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம், கடைசி வருஷம். பாட்டியின் பெயரை வைத்ததற்காக அப்பாவை இன்னும் மன்னிக்காத முகம். பின்னலில் மல்லிகைச் சரம். காகிதத்தை மேஜையில் வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

இடது கையில் எடுத்தாள்.

மூக்கன் இருமினான். நிஜாமுதீன் காகிதத்தை வாங்கிப் படிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "மொதலாளி, குடிக்கக் கொஞ்சம் மோர் கிடைக்குமா? வண்டியில வந்தது வயித்தைக் கலக்குது" என்றார். செல்லக்கண்ணு சமையலறைப் பக்கம் போனார்.

"சரத்தை நீயே கட்டினியாம்மா?"

"ஆமா" என்றாள் அவள் எச்சரிக்கையாக.

"நல்லா இருக்கு. கொஞ்சம் இறுக்கம்." அவர் உள்ளங்கையை விரித்தார். காய்ந்த நார் முடிச்சு அதில் இருந்தது.

வீரம்மாள் அதைப் பார்த்தாள். பயப்படவில்லை. முகவாய்தான் கொஞ்சம் உயர்ந்தது. "அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. நான் ஒருத்தரையும் கெடுக்கல. வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். மெஷின் மேல பழி போகும், ரெண்டு மாசம் கழியும், அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"மெஷின் மேல போகலையேம்மா" என்றார் நிஜாமுதீன் மெதுவாக. "ஆண்டி மேல போயிருச்சு. ஞாயித்துக்கிழமையே வேலைய விட்டு நிறுத்தியாச்சு. லஞ்சம் வாங்கினான்னு பேரு."

"ஆண்டி அண்ணே லீவுல..."

"இல்லம்மா" என்றான் மூக்கன். அவன் குரலில் கேலி இல்லை. "தினம் சட்டை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி தெருவுல நடக்குறாரு. வீட்டுல சொல்ல முடியாம."

வீரம்மாளின் முகவாய் தாழ்ந்தது. கண்ணில் நீர் கோத்தது. அது விழுவதற்குள், மோரோடு வந்த அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, முள்ளை மாத்தினது நான்."

மோர்ச் சொம்பு சாய்ந்து செல்லக்கண்ணுவின் வேட்டி நனைந்தது. அவர் கவனிக்கவில்லை. "என்ன சொன்னே?"

"வெள்ளிக்கிழமை காப்பி குடுக்க வந்தப்போ அலி பாய் சொன்னதைக் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் நீங்க தூங்கறப்போ மாத்தினேன். எனக்கு எம்.எஸ்ஸி. படிக்கணும். மூணு தடவை சொன்னேன், நீங்க காதுல வாங்கிக்கல. ஆண்டி அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லப்பா."

செல்லக்கண்ணுவின் முகம் சிவந்தது. கை உயர்ந்தது. மூக்கன் ஓரடி முன்னால் வைத்தான். ஆனால் உயர்ந்த கை வழியிலேயே விரலாக மாறி, கொட்டகைப் பக்கம் நீண்டது. "வண்டிக்கு... ஏதாவது..."

"ஒண்ணும் ஆகலப்பா. பேட்டரி வயரைக் கழட்டிட்டுத்தான் கைய வச்சேன்."

"அதுவரைக்கும் புத்தி இருக்கு" என்று கத்தினார். கத்தலில் கோபம் பாதிதான் இருந்தது. மீதியை அவருக்கே என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "உன்னால முக்கொம்பு வரைக்கும் வந்த மாப்பிள்ளை திரும்பிப் போயிட்டாரே! இன்ஜினியர்! அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல" என்றார் நிஜாமுதீன். "அவருக்கு அப்பவே தெரியும்."

செல்லக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். நிஜாமுதீன் தொடர்ந்தார்.

"முக்கொம்புல வண்டிய நிறுத்தச் சொன்னதே அவருதான். எலெக்ட்ரிகல் இன்ஜினியர். ஆக்ஸிலரேட்டரை ஒரு அமுக்கு, ஒரு விடு, அமுக்கினா மைனஸ் கூடுது, அப்ப முள்ளு பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சிட்டாரு. புதுசா வயர் இழுத்த வண்டியில, பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குன்னு பாத்து, இவ்வளவு பதவிசா ஒரு வேலை. யாரு செஞ்சிருப்பான்னும் யோசிச்சிருக்காரு. ஆண்டிகிட்ட சொல்லியிருக்காரு, 'வண்டிக்கு ஒண்ணும் இல்ல, வர வேண்டாம்னு சொல்லுது'ன்னு. சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அம்மாவுக்கு ராகுகாலம் வசதியாப் போச்சு."

வீரம்மாள் நிஜாமுதீன் பக்கம் திரும்பினாள். தன் வித்தையை முதல் பார்வையிலேயே ஒருவன் படித்துவிட்டான் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. "ஒரே தடவை அமுக்கிப் பாத்தா கண்டுபிடிச்சாரு?" என்று கேட்டாள்.

"ஒரே தடவை."

"திட்டலையா?"

"சிரிச்சாராம்."

அவள் காது மடல் சிவந்தது. கோபமா வேறெதுவுமா என்று துப்பறிய அங்கே யாரும் முயலவில்லை.

செல்லக்கண்ணு நனைந்த வேட்டியோடு வாசலுக்கு நடந்தார். ஆண்டி திரும்ப ஜன்னல் கட்டையிலேயே வைத்திருந்த சாவியை எடுத்தார். வேப்பமரத்தடியில் ஆண்டி எழுந்து நின்றான்.

"ஆண்டி, சாவி" என்று நீட்டினார்.

ஆண்டி கையை நீட்டவில்லை. "மொதலாளி, அன்னிக்குத் தெருவுல நாலு பேர் பாக்கத்தான் புடுங்கினீங்க."

செல்லக்கண்ணு திரும்பிப் பார்த்தார். கூடத்து வாசலில் மகளும் நிஜாமுதீனும் மூக்கனும் நின்றார்கள். அடுத்த வீட்டு மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மில் சங்கு மாதிரி குரலெடுத்தார். "தப்பு என்னோடது ஆண்டி. நீ கை நீட்டினவன் இல்ல. இந்தா, பிடி."

ஆண்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் நேரே கொட்டகைக்குள் போய்விட்டான். கொஞ்ச நேரம் அவன் வெளியே வரவில்லை. யாரும் போய்ப் பார்க்கவுமில்லை.

அன்று மாலையே வீரம்மாள் தன் கையாலேயே இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினாள். ஜெகபர் அலி டார்ச் பிடித்தார். மெழுகு நூலில் கட்டச் சொல்லிக் கொடுத்தார். செல்லக்கண்ணு சொல்லச் சொல்ல, குளித்தலைக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதினாள். அடியில் வட்டம், கோடு, அம்புக்குறி என்று ஏதோ வரைந்தாள்.

"இது என்ன, பூச்சி மாதிரி?" என்றார் செல்லக்கண்ணு.

"விளக்கப் படம்ப்பா. மன்னிப்புக் கேட்டா முழுசாக் கேக்கணும்."

அடுத்த வாரம் செல்லக்கண்ணு வீட்டில் நிஜாமுதீனுக்கும் மூக்கனுக்கும் விருந்து. காவிரிக் கெண்டைக் குழம்பு. நிஜாமுதீன் ஜட்காவில் வந்து இறங்கியதால் நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவும் நேரத்தில் தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். செல்லக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'ஐயா, மன்னிப்புக்கு அவசியமே இல்லை. படத்தைப் பார்த்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தை பாடியோடு இணைத்துப் போட்டிருக்கிறது. பழைய டைனமோ வண்டிக்கு அது சரி. ஆல்டர்னேட்டர் வண்டியில் நெகட்டிவ்தான் பாடிக்குப் போக வேண்டும். தங்கள் மகளுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் நேரில் வந்து விளக்குகிறேன். வண்டி அனுப்ப வேண்டாம். பஸ்ஸில் வருகிறேன். மருதமுத்து.'"

"குடுங்க!" வீரம்மாள் கார்டைப் பறித்தாள். படித்தாள். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தப்பு தப்புதான்.

"என்ன ஆயி எழுதட்டும்?" என்றார் செல்லக்கண்ணு, மீன் முள்ளைத் தொண்டையில் வைத்திருப்பவர் மாதிரி.

"வரச் சொல்லுங்க" என்றாள் வீரம்மாள். "பரீட்சை முடிஞ்சதுக்கப்புறம். அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து."

புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அப்பா முன் விரித்தாள். எம்.எஸ்ஸி. விண்ணப்பம். எல்லாக் கட்டமும் இடதுகைச் சாய்வில் நிரப்பியிருந்தது. 'தந்தையின் ஒப்பம்' என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

செல்லக்கண்ணு நிஜாமுதீனைப் பார்த்தார். நிஜாமுதீன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மிகக் கவனமாகப் பார்த்தார். மூக்கன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, மூடியையும் கழற்றி நீட்டினான்.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்றான் பழைய கண்டக்டர் குரலில். "பின்னால இன்ஜினியர் நிக்கிறாரு."

செல்லக்கண்ணு சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜிப்பா குலுங்க, கோடு கோணலாகப் போக, கையெழுத்துப் போட்டார்.